ஷார்ஜாவிலிருந்து வருவது இறக்கம்

எங்கள் மலையில் யாரிடமாவது ஓர் ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் உடனே பதில் வராது. "ஏறவா, எறங்கவா?" என்று எதிர்க்கேள்விதான் வரும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க ஒரு மணி நேரம் போதும். அதே பஸ் அதே சாலையில் திரும்பி ஏற ஒன்றேகால் மணி நேரம், கூட்டமாக இருந்தால் ஒன்றரை. தூரம் ஒன்று, நேரம் இரண்டு. சேலத்தில் காலேஜ் சேர்ந்த புதிதில், ரயில்வே ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று வழி கேட்ட ஒருவரிடம் நானும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டேன். தட்டையான ரோட்டில் நின்றுகொண்டு. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு ஆளிடம் கேட்கப் போனார்.

இந்தப் பழக்கம்தான் என் அக்காவை ஷார்ஜாவிலேயே நிறுத்தி வைக்கப் பார்த்தது. கடைசியில் அவளைக் கொண்டுவந்து சேர்த்ததும் இதே பழக்கம்தான்.

அக்கா ஷார்ஜாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, நடுவில் ஒரு தடவைகூட வரவில்லை. அவளுடைய நான்கு வயது மகள், ஏற்காட்டை ஒட்டிய எங்கள் ஊர் நாகலூரில் எங்களோடு இருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. பாப்பாவின் அப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், எஸ்டேட்டில் பிக்கப் ஓட்டுகிறார். அவரும் எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். அம்மா அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போவார். நான் பிஸிக்ஸ் டிகிரியை முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்ற முடிவை வாரத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பாப்பாவுக்கு அம்மா என்றால் தினமும் சாயங்காலம் போனில் வருகிற முகம். ஒரு நாள் என்னிடம், "சித்தி, சார்ஜாவுக்கு எத்தனை வளைவு?" என்று கேட்டாள். சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு என்பது அவளுக்கு அத்துப்படி. அவள் எண் படித்ததே அந்த வளைவுகளில் நட்டிருக்கும் பலகைகளைப் பார்த்துத்தான். ஷார்ஜாவுக்கு வளைவே கிடையாது, நேராகப் போகலாம் என்றேன். அவள் நம்பவில்லை. வளைவு இல்லாமல் ஒரு ஊருக்கு எப்படிப் போவது? சித்திக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அவள் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

சித்திக்குத் தெரியாமல் என்ன. எனக்கு அப்போது விமானப் பைத்தியம் தலைக்கு ஏறியிருந்தது. ஆகாயத்தில் போகிற விமானத்துக்கு நேராகப் போனைப் பிடித்தால் அது எங்கே கிளம்பியது, எங்கே போகிறது, எவ்வளவு உயரம், என்ன வேகம் எல்லாம் காட்டுகிற ஒரு ஆப் வைத்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறினால் டவர் நன்றாகக் கிடைக்கும். வேலை விட்டு வருகிற பெண்கள் கீழே நின்று, "ஏங்கண்ணு, இப்பப் போச்சே, அது எந்தூருக்கு?" என்று கேட்பார்கள். கொழும்பு என்பேன், தோகா என்பேன். எனக்குச் சொல்லச் சொல்லப் பெருமையாக இருக்கும், ஏதோ நானே அனுப்பிவைத்த மாதிரி. மாமா எனக்கு பைலட்டம்மா என்று பேர் வைத்தது அப்படித்தான்.

அந்த மார்கழியில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்குத் தேர்வு அறிவித்தார்கள். அக்காவின் வயதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இதை விட்டால் அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். தேர்ச்சி பெற்றால் ஊரோடு வந்துவிடலாம், பாப்பாவோடு இருக்கலாம். இல்லையென்றால் அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டது நான். ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டது. சேலத்தில் ஒரு பள்ளிக்கூடம். தேர்வு மதியம் இரண்டு மணிக்கு, கேட் ஒன்றரைக்கு மூடப்படும், அதற்குமேல் யார் வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

அக்காவுக்குக் கிடைத்த லீவு இரண்டே நாள். முந்தின நாள் ராத்திரி டியூட்டியை முடித்துக்கொண்டுதான் கிளம்ப முடியும். அதற்குத் தோதாக ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரே ஒரு விமானம் இருந்தது. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பிப் பத்து மணிக்கு இறங்குவது. அங்கிருந்து காரில் சேலம் வர வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்னால், இது சரிப்படுமா என்று கேட்டு அந்த விவரத்தை மாமாவுக்கு அனுப்பினாள். எங்கள் வீட்டில் சக்கரம் வைத்த எதற்கும் மாமா சொல்வதுதான் கடைசி வார்த்தை. இறக்கை வைத்ததையும் யாரும் கேட்காமலே அவர் அதோடு சேர்த்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். வழக்கமாக நான் போனை எடுத்ததும் அவள் பாப்பாவைத்தான் கேட்பாள். அன்று கேட்கவில்லை.

"நேரத்துக்கு வந்து சேர முடியாதுன்னு உங்க மாமா சொல்லிட்டாருடி. விடு. ஹால் டிக்கெட்டை நீயே வச்சுக்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து மணிக்குக் கோயம்புத்தூரில் இறங்கினால் ஒன்றரைக்குள் சேலம் வர முடியாதா? முக்கால் மணியில் வெளியே வந்துவிடலாம், சாலையில் இரண்டரை மணி நேரம். நேரம் நெருக்கம்தான், ஆனால் முடியும். அக்காவோ, சாலையைப் பற்றி மாமாவைவிட யாருக்குத் தெரியும் என்று நினைத்து ஏன் என்றுகூடக் கேட்காமல் விட்டிருந்தாள்.

நான் கேட்டேன். மாமா வாசலில் பிக்கப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து, காப்பிப் பழத்தின் பிசுக்கு போகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் கணக்கு இதுதான். நாலரைக்கு ஏறிப் பத்துக்கு இறங்குகிறாள், ஆக ஐந்தரை மணி நேரம். அந்த ஊர் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஆகவே அங்கே பத்து என்றால் இங்கே பதினொன்றரை. அதற்குமேல் வெளியே வந்து சேலம் போய்ச் சேர மணி மூன்றாகிவிடும்.

விமானத்தில் ஐந்தரை மணி நேரமா என்றேன். இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் நடுவில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்லும். ஷார்ஜாவுக்கும் கோயம்புத்தூருக்கும் இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, பறக்கும் நேரம் நாலு மணி. அக்கா போன நாளிலிருந்து அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மாமா சலித்துக்கொள்ளாமல் விளக்கினார்.

"போறப்ப காத்தால அஞ்சு மணிக்கு ஏறி ஏழே முக்காலுக்கு எறங்கிட்டா. டிக்கெட்ட நானே பார்த்தேன். ரெண்டே முக்கால் மணி நேரம். வர்றதுக்கு அஞ்சரை. போறது எறக்கம், வர்றது ஏத்தம். இதுல என்னம்மா அதிசயம்?"

"மேல வர்றதுன்னா சும்மாவா சாமி," என்றார் அம்மா.

அந்த இரண்டு டிக்கெட்டையும் சமவெளிக்காரர் யாராவது பார்த்திருந்தால், ஒரே வழியில் போவதற்கும் வருவதற்கும் இப்படி இரண்டு மடங்கு வித்தியாசமா என்று சந்தேகம் வந்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சந்தேகம் எழ வாய்ப்பே இல்லை. போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்பது எங்களுக்கு உலக நியதி. அதிலும் வீட்டுக்கு வருவது என்றால் எங்களுக்கு ஏறுவதுதான். சேலத்திலிருந்து வந்தாலும் சென்னையிலிருந்து வந்தாலும் கடைசியில் மேலேதானே வந்தாக வேண்டும். எனவே ஷார்ஜா பாதாளத்தில் இருந்தது.

மாமாவின் வாட்சைக் கழற்றித் தரச் சொன்னேன். அதை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பினேன். இது ஷார்ஜா, வாசலிலிருந்தே தெரிகிற சுவர்க் கடிகாரம் கோயம்புத்தூர் என்றேன். டிக்கெட்டில் கிளம்புகிற நேரத்தைக் கிளம்புகிற ஊர் கடிகாரத்தைப் பார்த்துப் போடுவார்கள், இறங்குகிற நேரத்தை இறங்குகிற ஊர் கடிகாரத்தைப் பார்த்துப் போடுவார்கள். பத்து மணி என்று போட்டிருப்பது நம் பத்து மணி. அவள் நாலரைக்கு ஏறும்போது நமக்கு ஆறு. ஆறிலிருந்து பத்து, நாலு மணி நேரம். அப்புறம் அவள் போன டிக்கெட்டையும் இதே போலச் செய்து காட்டினேன். நம் ஐந்து மணிக்கு ஏறினாள். அங்கே ஏழே முக்கால் என்றால் நமக்கு ஒன்பதேகால். நாலேகால் மணி நேரம்.

மாமா வாட்சையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாப்பாவும் பக்கத்தில் நின்று அதே போலப் பார்த்தாள். தினமும் அக்காவுக்கு அங்கே மணி என்ன என்று கணக்குப் போட்டுத்தான் போன் செய்கிறவர் அவர், விளங்க நேரமாகவில்லை. வண்டி துடைத்த துணியைப் பிழிந்து அதன் பக்கக் கண்ணாடியில் தொங்கவிட்டார்.

"அப்ப வர முடியுமா?" என்றார்.

வாட்சைத் திருப்பிச் சரிசெய்யக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. இருக்கட்டும், அவள் நேரமே இருக்கட்டும் என்று அப்படியே கட்டிக்கொண்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மா விடவில்லை. சரி, நாலு மணி நேரம் என்கிறாயே, அது ஏறவா, எறங்கவா என்று கேட்டார். போனை நீட்டிக் காட்டினேன். எந்தப் பக்கம் போட்டாலும் நாலு மணிதான், ஏற்றமும் கிடையாது இறக்கமும் கிடையாது, ஆகாயத்தில் ஏதம்மா மலை?

"ரெண்டு பக்கமும் ஒரே நேரம்னு எழுதுனவன் ரெண்டு பக்கமும் போய்ப் பார்த்திருக்க மாட்டான், கண்ணு."

சிரித்துவிட்டுத்தான் படுத்தேன். ஆனால் காலையில் எழுந்ததும் அது முள் மாதிரி குத்தியது. போகும்போது அக்காவுக்கு நாலேகால். வருவதற்கு டிக்கெட்டிலேயே நாலு. அந்தக் கால் மணி நேரம் எங்கே போனது? அந்த இணையப் பக்கத்தைக் கிளறிப் பார்த்தால், அது தூரத்தை ஒரு வேகத்தால் வகுத்துப் போட்ட விடை, அவ்வளவுதான். உண்மையில் பறந்த நேரம் அதில் இல்லை. உண்மையில் பறப்பது என் ஆப்பில் இருந்தது. அன்றிலிருந்து தினமும் அந்த விமானம் போவதையும் வருவதையும் பாறை மேல் உட்கார்ந்து பின்தொடர்ந்தேன். அரபிக்கடல் மேல் ஒரு சின்ன மஞ்சள் விமானம் ஊர்ந்து வருவதைப் பார்ப்பதைவிட அந்த மாதம் எனக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை.

பார்க்கப் பார்க்கப் புல்லரித்தது. போகிற விமானம் எப்போதும் திணறிக்கொண்டு போனது. வருகிற விமானம் எப்போதும் பாய்ந்து வந்தது. அதே விமானம், அதே உயரம், அதே வழி. குளிர்காலத்தில் அவ்வளவு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று ஆறு மாதிரி ஓடுகிறது என்று காலேஜில் படித்ததுதான். தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது என் அக்காவைச் சுமந்து வருகிற காற்று என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. ஷார்ஜாவுக்குப் போகிறவர்கள் அந்தக் காற்றை எதிர்த்து ஏறுகிறார்கள். வருகிறவர்கள் அதோடு இறங்குகிறார்கள். டிக்கெட்டில் நாலு மணி என்று தாராளமாகப் போட்டிருந்தாலும், தரையை விட்டு எழும்பித் திரும்பத் தரையைத் தொட மூன்றரை மணிக்கும் குறைவாகவே ஆனது.

பாறையிலிருந்து ஓடி வந்து, "அம்மா, வர்றதுதான் எறக்கம்," என்றேன்.

அம்மாவால் இதை ஏற்கவே முடியவில்லை. அது எப்படி வீட்டுக்கு வருவது இறக்கமாகும், சேலத்திலிருந்து ஏற்காடு இறக்கம் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது என்றார். மாமாவோ, பைலட்டம்மா கொடி காட்டியாகிவிட்டது, இனிமேல் பேச என்ன இருக்கிறது என்று கிண்டலடித்தபடியே அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா என்னிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டாள். அப்புறம், "நெஜமாத்தான் சொல்றியாடி?" என்றாள். நிஜமாகத்தான் என்றேன். அன்றைக்கே டிக்கெட் போட்டோம்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். பெட்டி கூடாது. விமானத்துக்குள் கையோடு எடுத்து வருகிற ஒரு பை மட்டும். பெட்டி வந்து சேரக் காத்து நின்றால் காற்று கொடுத்த நேரம் அங்கேயே போய்விடும். அம்மாவுக்கு இது விமானத்தைவிடப் பெரிய கவலையாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிறவள் பேரீச்சம்பழமும் சோப்பும் தைலமும் இல்லாமல் வெறும் பையை மாட்டிக்கொண்டு வந்தால் ஊரில் என்ன பேசுவார்கள்? ஏற்கனவே மூன்று வீட்டில் அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். பரீட்சைக்குத்தானே வருகிறாள், கல்யாணத்துக்கா வருகிறாள் என்று மாமா சொன்ன பிறகுதான் அடங்கினார்.

அந்த நாள் வந்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தன் காரைக் கொடுத்திருந்தார். நானும் மாமாவும் பனி மூட்டத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். அம்மா பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பின்னால் பஸ்ஸில் வந்து, தேர்வு நடக்கும் பள்ளிக்கூடத்தில் காத்திருப்பதாக ஏற்பாடு. மலைப்பாதையில் மாமா ஓட்டுவதைப் பார்த்தால் தூக்கத்தில்கூட ஓட்டுவார் என்று தோன்றும். சேலம் தாண்டி நாலு வழிச் சாலையில் ஏறியதும் ஆள் மாறிவிட்டார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலியான ரோட்டில் காரணமே இல்லாமல் ஹாரன் அடித்தார். வளைவே இல்லாமல் எப்படி ஓட்டுகிறார்கள், பயமாக இருக்கிறது என்றார். மகள் அப்படியே அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

சங்ககிரி பக்கத்தில் டீக்கு நிறுத்தினோம். ஆப்பைத் திறந்தேன். விமானம் இன்னும் ஷார்ஜாவில் தரையில் நின்றுகொண்டிருந்தது. மாமா தன் வாட்சைப் பார்த்தார். அதில் நாலே முக்கால்.

டீ ஆறியது. ஒரு வழியாக அந்த மஞ்சள் புள்ளி நகர்ந்தபோது, கிளம்ப வேண்டிய நேரத்துக்கு நாற்பது நிமிஷம் தாண்டியிருந்தது. பத்தே முக்காலுக்கு இறங்கினால் பதினொன்றரைக்கு வெளியே வருவாள். சேலம் வந்து சேரும்போது மணி இரண்டாகிவிடும். மாமா கிளாஸை வைத்துவிட்டு, மெதுவாக, பரவாயில்லை, பிள்ளையைப் பார்த்த மாதிரியாவது இருக்கும் என்றார். அந்த ஒன்றரை வருஷத்தில் அவர் அவ்வளவு தளர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

"மாமா, நாற்பது நிமிசம் லேட்டாக் கெளம்புன பஸ்ஸு மேல ஏறுதுன்னா நீங்க சொல்றது சரி. எறக்கத்துல வருதுன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். இருபது வருஷம் மலையில் வண்டி ஓட்டியவருக்கு இதற்குமேல் பிஸிக்ஸ் தேவைப்படவில்லை.

"எறக்கத்துல விட்டதப் புடிச்சரலாம்," என்றார்.

மீதி வழி முழுக்க நான் வேகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன், அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். கடல் மேல் விமானம் சும்மா பிய்த்துக்கொண்டு வந்தது. அது வேகம் கூட்டும்போதெல்லாம் மாமாவும் கூட்டினார். பெருந்துறை தாண்டும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுக்கும் அளவுக்குத் தைரியம் வந்துவிட்டது. கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு வெளியே மற்றவர்களோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கிழக்கிலிருந்து வெயில் கண்ணைக் கூசியது. பத்து மணி தாண்டிச் சில நிமிஷத்தில் ஒரு விமானம் தாழ வந்தது. ஆப்பைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவரிடம், நாற்பது நிமிஷம் லேட்டாகக் கிளம்பி வெறும் பத்து நிமிஷம் லேட்டாக வந்திருக்குங்க என்றேன். நல்லதுங்க என்று சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

முதலில் வெளியே வந்தவர்களில் அக்காவும் ஒருத்தி. தோளில் ஒரே ஒரு பை. டியூட்டிக்குப் போடுகிற வெள்ளை ஷூவைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்க்கிறவளிடம் மாமா என்ன சொல்வார் என்று நான் வழியெல்லாம் யோசித்திருந்தேன். அவர் கதவைத் திறந்து, "ஏறு," என்றார். அவள் ஏறினாள். கார் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவள் கையை முன்னால் நீட்டி அவர் தோளைத் தொட்டாள். வாட்சைப் பார்த்துவிட்டு, ஏனுங்க, உங்க வாட்ச் ஏன் தப்பா ஓடுது என்று கேட்டாள். அவர் வாட்ச் கட்டிய கையால் கியரை மாற்றினார். அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள் போல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படிக்கப் புத்தகம் கொண்டுவந்திருந்தேன். அவள் இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் தூங்கிப்போனாள். எழுப்ப நினைத்தேன், மாமா கண்ணாடியில் பார்த்துத் தலையை ஆட்டினார். நடு ராத்திரிவரை நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவள். அவளுக்குத் தெரியாதது எதுவும் அந்தப் புத்தகத்தில் புதிதாக இருக்கப்போவதில்லை.

சங்ககிரியில்தான் வந்தது சோதனை. இரண்டு லாரிகள் பக்கத்தில் பக்கத்தில், நீ முந்து நான் முந்து என்று நடை வேகத்தில் போட்டி போட்டுக்கொண்டு ரோட்டையே அடைத்துக்கொண்டு போயின. மணி ஒன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா மலை ஹாரன் அடித்தார். மலை ஹாரன் என்பது வேறு. வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி விட்டு விட்டு, விடாப்பிடியாக அடிப்பது. சமவெளி லாரிக்காரர்கள் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஏதோ பெரிய வண்டி பின்னால் வருகிறது என்று ஒருவர் ஒதுங்கினார். எங்கள் சின்னக் கார் அவரைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பள்ளிக்கூடத்து வாசலில் நாங்கள் நின்றபோது வாட்ச்மேன் ஒரு பக்கக் கதவை ஏற்கனவே சாத்தியிருந்தார், இன்னொரு கதவில் கையை வைத்திருந்தார். எதிரே மரத்தடியில் அம்மா. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சேலத்து வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்ற மறுத்துவிட்டு, பாப்பா.

அக்கா காரை விட்டு இறங்கி இரண்டடி வைத்ததும் பாப்பாவைப் பார்த்துவிட்டாள். நான் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் கையில் திணித்தேன். அவள் கால் மரத்தடிப் பக்கமாகத் திரும்பியது. இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் வந்தாகிவிட்டது, மீதி இருப்பது இருபது அடி, அது எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. அவள் ஓடிப் போய் பாப்பாவின் தலையில் கையை வைத்து, "அம்மா பரீட்சை எழுதிட்டு வந்தர்றேன் சாமி," என்று சொல்லிவிட்டு, அதே ஓட்டத்தில் கேட்டுக்குள் நுழைந்தாள். வாட்ச்மேன் ஹால் டிக்கெட்டைப் பார்த்து உள்ளே கை காட்டினார். கொஞ்ச நேரத்தில் கதவு மூடிக்கொண்டது. அதற்கப்புறம் ஆட்டோவில் வந்து இறங்கிய ஒரு பெண் எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை. அவளை ஏறெடுத்துப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை. அம்மாதான் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

பாப்பா அழுவாள் என்று பயந்தேன். அவள் கேட்டின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்துவிட்டு வந்து, "சித்தி, அம்மாவுக்குக் காலு இருக்குது," என்றாள். போனில் அதுவரை முகம் மட்டும்தானே தெரிந்திருக்கிறது.

தேர்வு முடிகிறவரை மரத்தடியில் இருந்தோம். அம்மா கொண்டுவந்த தக்காளிச் சோற்றை மாமா நின்றபடியே சாப்பிட்டார். அவரால் உட்கார முடியவில்லை. மனைவிக்காகவும் மகளுக்காகவும் காத்திருந்த ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவர் மாமாவிடம் எந்த ஊர் என்று விசாரித்தார்.

"வீட்டுக்காரி சார்ஜாவுலங்க. காத்தால அங்கிருந்து கெளம்பி நேரா இங்க வந்தா."

"சார்ஜாவா? ஏனுங்க, நொம்ப தூரமாச்சே."

"வர்றது எறக்கம்தானுங்க," என்றார் மாமா.

சுற்றி ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. வாட்சைக் கழற்றிக் காட்டி, பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டி, மேல்காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சோற்றுக் கையாலேயே வரைந்து காட்டி, ஒன்றுவிடாமல் விளக்கினார். நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே விளக்கினார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அம்மா மட்டும் என் முதுகில் தட்டி, மறுபடியும் சொல்லச் சொன்னார்; அந்தக் காற்று நம் மலைக்கு மேலேயும் அடிக்குமா? அடிக்கும், ஆனால் இன்னும் நொம்ப உயரத்தில் என்றேன். அதுதான் பழம் பறிக்கிறப்ப தெரியலை என்று சமாதானமானார்.

அக்கா வெளியே வந்தபோது கூட்டத்தில் எங்களைத் தேடவில்லை. பாப்பா எங்கே நிற்பாள் என்று நினைவு வைத்துக்கொண்டு நேராக அந்த இடத்துக்கே வந்து, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். எப்படி எழுதினாய் என்று யாரும் கேட்கவில்லை. அவள் முகத்திலேயே இருந்தது. அவள் ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போய்ச் சில மாதங்கள் கழித்து முடிவு வந்தபோது பட்டியலில் அவள் எண்ணைக் கண்டுபிடித்தது நான்தான். பாறை மேலிருந்து நான் போட்ட சத்தத்தில் வேலையில் இருந்த பெண்கள் பாம்பு என்று நினைத்து ஓடி வந்தார்கள். அக்கா இப்போது சேலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். காலையில் இறங்கி, சாயங்காலம் ஏறி வருகிறாள்.

ஆனால் எனக்கு வெற்றி என்றால் முடிவு வந்த நாள் இல்லை. அந்தச் சாயங்காலம்தான். ஐந்து பேரும் ரைட்டர் காரில் அடைந்துகொண்டு மலை ஏறினோம். பாப்பா அக்காவின் மடியில் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும், இங்கே குரங்கு இருக்கும், இங்கே அம்மாயி வாந்தி எடுத்துச்சு என்று விளக்கம் வேறு; அம்மாயி என்றால் அவளுக்கு எங்கள் அம்மா. பன்னிரண்டாவது வளைவில் தூங்கிவிட்டாள். பதின்மூன்றிலிருந்து அக்கா எடுத்துக்கொண்டாள், சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய.

மலைச் சாலையில் ஒரு முறை உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். ஏறுகிறவன் நடுவில் நின்றால் மறுபடி இழுப்பது கஷ்டம் என்பதால் வந்த வழக்கம். அன்றைக்கு இறங்கி வந்த ஜீப்பும் வேனும் சுற்றுலாக்காரர்களின் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓரம் கட்டின. யார் வருகிறார்கள் என்று தெரிந்து நிற்கிற மாதிரியே எனக்கு இருந்தது. இருபதாவது வளைவில் ஒரு பஸ்ஸே எங்களுக்காக நின்றது. மாமா அதைத் தாண்டும்போது, தேவையே இல்லாமல், இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.